விந்தணு விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தால்: உறைய வைப்பதும் காத்து வைப்பதும்

விந்துப் பரிசோதனை அறிக்கையில் "விந்தணு இல்லை" என்று வந்தால், அழுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்த்தார்களா? ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. விந்து முழுவதையும் 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுற்றி, அடியில் படியும் வண்டலைப் பொறுமையாகத் தேடிய பிறகுதான் அப்படி எழுதலாம். அதையும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. சில வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். வண்டலில் நாலைந்து தென்பட்டாலே நிலைமை வேறு. அதற்கு கிரிப்டோசூஸ்பெர்மியா என்று பெயர். அந்த நாலைந்தை எப்படிப் பாதுகாப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு 6ஆம் பதிப்புக் கைநூல், ஒரு மில்லி லீற்றரில் 1 கோடி 60 இலட்சம், மொத்த விந்தில் 3 கோடி 90 இலட்சம் என்பதைக் கீழெல்லையாக வைக்கிறது. இயற்கையாகக் கரு தங்குவதற்கான கணக்கு அது. 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸிலிருந்து, ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை வந்த பிறகு, ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்றாகிவிட்டது. மனைவியிடமிருந்து முதிர்ந்த முட்டை 10 கிடைத்தால், உயிருள்ள விந்தணு 10 வேண்டும். கோடியை விட்டுப் பத்துக்கு இறங்கிவிட்டோம். ஆனால் ஆய்வுகூடங்களின் உறைய வைக்கும் பழக்கம் பல இடங்களில் கோடிக் கணக்கிலேயே நிற்கிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் முன்கூட்டியே?

விந்தணு அருகிப்போனவர்களிடம் எண்ணிக்கை ஒரே சீராக இருப்பதில்லை. இந்த வாரம் முப்பது, அடுத்த மாதம் மூன்று, முட்டை எடுக்கும் காலையில் பூச்சியம். மனைவி பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்க மருந்து வாங்கி, முட்டை கையில் வந்த பிறகு "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று கேட்க நேர்வதைப்போல் கொடுமை இந்தச் சிகிச்சையில் வேறில்லை. உறைய வைத்த ஒரு பங்கு கையிருப்பில் இருந்தால் அன்றைய நாள் காப்பாற்றப்படும். இல்லாவிட்டால் முட்டைகளை உறைய வைத்துவிட்டு, விந்தணுவைப் பிறகு தேட வேண்டியதுதான். அந்த வழிக்கும் முன்கூட்டியே பேசி ஒப்புதல் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கூட்டத்தார் காத்திருக்கக் கூடாது. மஹரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோவுக்கோ கதிர் சிகிச்சைக்கோ திகதி கொடுக்கப்பட்டவர் முதலாமவர். நேரம் இருந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று சேம்பிள். நேரம் இல்லாவிட்டால் ஒன்றே ஒன்று என்றாலும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கீமோ தொடங்கிய பிறகு எடுக்கும் விந்தணுவின் மரபுப்பொருள் கெட்டிருக்கக்கூடும் என்பதால் அதைச் சேமிப்பதைத் தவிர்ப்போம். பதினாறு பதினேழு வயதுப் பையன் என்றால் தாய் தகப்பன் கூச்சப்பட்டு இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள். பையனைத் தனியே விட்டுப் பேசச் சொல்லி டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாமவர், கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்துகொண்டு ஒரு மாத லீவில் வந்து போகிறவர். மனைவியின் மாதவிடாய்ச் சுற்று அவருடைய விமான டிக்கெட்டைப் பார்த்து வராது. அவர் இங்கே நிற்கும்போதே சேமித்து, படிவங்களில் கையொப்பம் வைத்துவிட்டுப் போனால் சிகிச்சை அவருக்காகக் காத்துக் கிடக்காது.

சேம்பிளுக்கு முன்

ஜிம்மில் ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டெரோன், ஸ்டீரொய்ட் ஊசிகளை முதலில் நிறுத்துங்கள். "ஆண்மைக்கு நல்லது" என்று போடுவது மூளையின் அடிச்சுரப்பியை ஏமாற்றி, விதையை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹோர்மோன்கள் இரண்டையும் அடக்கிவிடும். விதை வேலையை நிறுத்திவிடும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் பிடிப்பதால், ஊசியை நிறுத்தியும் மூன்று மாதத்துக்குக் குறைய எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பலருக்கு அதற்கு மேலும் போகும். அதே கணக்கு காய்ச்சலுக்கும் பொருந்தும். டெங்கு வந்து ஒரு மாதம் கழித்து எடுத்த அறிக்கையை வைத்து ஆளை எடை போடாதீர்கள். விளம்பரத்தில் வரும் வீரியப் பொடிகளில் ஆறு மாதம் கடத்துவதைப்பற்றி எங்கள் கருத்து கடுமையானது: மனைவிக்கு 36, 37 வயதென்றால் அந்த ஆறு மாதத்தின் விலை பொடியின் விலையைவிட மிகப் பெரிது.

இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும். பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் கூடுவதில் செத்ததும் கிழடும் அதிகம். எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களிடம், முதல் சேம்பிள் கொடுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இரண்டாவது ஒன்றைக் கேட்பது நல்ல பழக்கம். இரண்டாவதில் அளவு குறைவாக இருந்தாலும் அசைவு நன்றாக இருப்பதுண்டு.

ஜெல், எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. ஆய்வுகூடம் தரும் போத்தல்தான். பாமசியில் வாங்கும் சிறுநீர்ப் போத்தல் எல்லாம் விந்தணுவுக்கு நஞ்சில்லை என்று சோதிக்கப்பட்டவை அல்ல. கூடிய மட்டும் கிளினிக்கிலேயே எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள், சட்டைக்குள் உடலோடு ஒட்டி. காலை நேரத்துக் காலி வீதியை நம்பி நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். காரின் ஏசி வாய்க்கு முன்னால் வைப்பது, வெயிலில் டாஷ்போர்ட்டில் வைப்பது, பழுதாகிவிடும் என்று பயந்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது எல்லாமே விந்தணுவைக் கொல்லும். ஐஸ் பெட்டிதான் மிக மோசம். காப்புத் திரவம் இல்லாமல் சட்டென்று குளிரும் விந்தணுவின் சவ்வு கிழிந்துபோகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் அறை எடுத்து ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பதற்றத்தில் சேம்பிளே வராமல் போகும் ஆட்கள் நிறைய. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். அவை இல்லாமல், உறைந்த சேம்பிள்களை வைக்கும் பொதுத் தாங்கியில் இடம் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

குளிரைவிடக் கையாளுவதில்தான் போகிறது

வழக்கமான முறை இப்படி: விந்து தானாக இளகிய பிறகு, சம அளவு காப்புத் திரவத்தைத் துளித் துளியாகச் சேர்ப்பார்கள். அதில் கிளிசரோல் இருக்கும், சிலவற்றில் முட்டை மஞ்சட்கருவும் இருக்கும். கலந்து முடிந்ததும் கிளிசரோல் 6, 7 வீதத்தில் நிற்கும். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பெட்டியிலுள்ள தாளைப் பார்ப்பதே சரி. ஒரேயடியாக ஊற்றினால் நீர் வேகமாக வெளியேறி விந்தணு சுருங்கிவிடும். ஆகவே பத்து நிமிடம் எடுத்து, ஒவ்வொரு துளிக்கும் மெதுவாக ஆட்டிக் கலக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரோ எனும் மெல்லிய குழலிலோ குப்பியிலோ நிரப்பி, திரவ நைட்ரஜனின் மேற்பரப்புக்குப் பத்து சென்ரி மீற்றர் மேலே, ஆவியில் 15 முதல் 30 நிமிடம் கிடையாக வைத்து, அப்புறம் உள்ளே அமிழ்த்துவார்கள். கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் உள்ள இடத்தில் அறை வெப்பத்திலிருந்து 5 பாகைக்கு மெல்ல இறக்கி, அதற்குக் கீழே நிமிடத்துக்கு 10 பாகை வேகத்தில் மறை 80 வரை கொண்டுபோவார்கள்.

குளிர் கொல்வது ஏன் என்று தெரிந்தால் இந்தப் படிகள் விளங்கும். முதலில் உறைவது வெளியே இருக்கும் நீர். நீர் பனியாகப் பிரிய, மிச்சத் திரவத்தில் உப்புச் செறிந்து, விந்தணுவுக்குள் இருக்கும் நீரை இழுக்கும். மிக மெதுவாகக் குளிர்த்தால் அந்த உப்பிலே ஊறிச் சாகும். மிக வேகமாகக் குளிர்த்தால் நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனி ஊசிகள் உண்டாகும். கிளிசரோல் இந்த இரண்டையும் தணிக்கிறது. கோழிச் சேவலின் விந்தணுவை வைத்து 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் இங்கிலாந்தில் கண்டறிந்தது இது. மனிதரில் உறைந்த விந்தணுவால் கரு தங்கியதை 1953இல் பஞ்ச்சும் ஷெர்மனும் அமெரிக்காவில் அறிவித்தார்கள். விந்தணுவுக்குள் நீர் மிகக் குறைவு என்பதால் முட்டையைவிட இது குளிரை நன்றாகத் தாங்கும். இருந்தாலும் உருக்கிய பின் அசைவது பாதியாகக் குறையும் என்றே கணக்கு வைக்க வேண்டும். ஏற்கெனவே தரம் குறைந்த சேம்பிளில் இழப்பு அதற்கும் மேல்.

இரண்டு கோடி விந்தணுவில் பாதி போனால் யாருக்கும் கவலையில்லை. நாற்பது விந்தணுவை வைத்துப் பார்ப்போம். வழக்கப்படி ஒரு மில்லி லீற்றர் திரவத்தில் கலந்து குப்பியில் உறைய வைத்தால், 25 மைக்ரோலீற்றருக்கு ஒன்று வீதம் சிதறி நிற்கும். உருக்கிய பிறகு கிளிசரோலை நீக்கச் சுற்ற வேண்டும், கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குழாயின் சுவரில் ஒட்டும், கொஞ்சம் மேல்நீரோடு போகும், கொஞ்சம் பிப்பெட்டின் நுனியில் நிற்கும். மிச்சத்தை 5 மைக்ரோலீற்றர் துளிகளாகப் பரப்பினால் இருநூறு துளி. ஒவ்வொரு துளியையும் 200, 400 மடங்கு பெருக்கத்தில் விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தேட வேண்டும். தலை 4, 5 மைக்ரோமீற்றர் நீளமுள்ள ஒன்றை, இறந்த கலங்களுக்கும் குப்பைக்கும் நடுவே. மூன்று நாலு மணித்தியாலத் தேடலுக்குப் பிறகு இரண்டு கிடைத்தால், "உறைய வைத்ததில் செத்துப்போச்சு" என்று அறிக்கை எழுதப்படும். உண்மையில் பல செத்துப்போகவில்லை, தொலைந்துபோயின.

ஆகவே அரிதான சேம்பிளுக்கு விதிகள் வேறு. சுற்றுவதை மென்மையாக, 300 முதல் 500 ஜி விசையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்; 3000 ஜி என்பது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு மட்டும். கடும் விசையில் செத்த கலங்களும் வெள்ளணுக்களும் நெருங்கி உட்கார்ந்து, அவை விடும் வினைத்திறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகள் நல்ல விந்தணுவையும் பழுதாக்கும். வண்டலை 50, 100 மைக்ரோலீற்றருக்கு மேல் பெருக்கக் கூடாது. மேல்நீரைத் தேடல் முடியும்வரை கொட்டக் கூடாது. ஊடகத்தில் அல்புமின் புரதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விந்தணு பிளாஸ்டிக்கில் ஒட்டும். அடர்த்திப் படுகை முறையில் வடிகட்டித் தரம் பிரிப்பதை இங்கே மறந்துவிடலாம். அது நல்லதைத் தெரிவு செய்யும்தான், ஆனால் தெரிவு செய்ய வேண்டுமானால் கைவசம் ஏராளம் இருக்க வேண்டுமே.

ஒற்றை ஒற்றையாக

எண்ணிக்கை ஐம்பதுக்குக் குறைவென்றால், விந்தணுவைத் தனித்தனியே பொறுக்கி மிகச் சிறு துளியில் உறைய வைப்பதுதான் எங்கள் தெரிவு. 1997இல் கோஹன் குழுவினர் உள்ளடக்கத்தை உறிஞ்சி எடுத்துவிட்ட முட்டையின் வெற்று ஓட்டுக்குள் விந்தணுக்களைச் செலுத்தி உறைய வைத்துக் காட்டினார்கள். அழகான யோசனை, ஆனால் இன்னோர் உயிரினத்தின் பொருளை உள்ளே கொண்டுவருகிறது என்பதால் அன்றாடச் சிகிச்சையில் நிலைக்கவில்லை. இப்போது புழங்குவது மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள்: முட்டைக்கும் கருவுக்கும் பயன்படும் கிரையோடொப் வகை, விந்தணுவுக்கென்றே செய்த ஸ்பெர்ம்விடி, உள்ளே சிறு தட்டுள்ள செல் ஸ்லீப்பர் குப்பி ஆகியவை.

வேலை நடக்கும் விதம் இது. கிண்ணத்தில் எண்ணெய்க்குக் கீழே 5 மைக்ரோலீற்றர் துளிகளாகச் சேம்பிளைப் பரப்புவார்கள். உள்விட்டம் 5 மைக்ரோமீற்றர் அளவுள்ள இக்சி ஊசியால் அசையும் விந்தணுவை வாலோடு உறிஞ்சி, பக்கத்தில் சுத்தமான துளிக்கு மாற்றுவார்கள். தகட்டில் காப்புத் திரவம் அரை முதல் ஒரு மைக்ரோலீற்றர் வைத்து, பொறுக்கியவற்றை அதில் விட்டு, உடனே ஆவிக்குக் கொண்டுபோய், சில நிமிடத்தில் அமிழ்த்துவார்கள். சுக்ரோஸும் அல்புமினும் மட்டும் உள்ள, கிளிசரோலே இல்லாத திரவத்தில் மிக வேகமாக உறைய வைக்கும் முறையும் உண்டு. உருக்கிய பின் கழுவ வேண்டாம் என்பது அதன் பெரிய இலாபம்.

இங்கே கெடுவது பெரும்பாலும் ஆவியாதலால். ஒரு மைக்ரோலீற்றர் துளி ஏசி அறையில் திறந்து கிடந்தால் கண்முன்னே சுருங்கும். நீர் போகப் போக உப்புச் செறிவு ஏறி, குளிர் படுவதற்கு முன்பே விந்தணு முடங்கிவிடும். ஆகையால் எல்லாம் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். ஏசியின் காற்று மேசைமீது படக் கூடாது. துளி வைத்ததிலிருந்து அமிழ்த்தும்வரை கையில் வேறு வேலை இருக்கக் கூடாது. எந்தத் தகட்டில், எந்தத் துளியில், எத்தனை, அசைந்ததா துடித்ததா என்று படம் போட்டே குறித்து வைக்க வேண்டும். "5 விந்தணு, தகடு 2, வலது துளி" என்று இருந்தால் உருக்கும் நாளில் தேடல் சில நிமிடத்தில் முடியும். குறிப்பு இல்லாவிட்டால் மறுபடியும் வைக்கோற்போரில் ஊசிதான்.

எத்தனை பங்காகப் பிரிப்பது? ஒரு பங்கு ஒரு முட்டை எடுப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இழப்பையும் சேர்த்து, எதிர்பார்க்கும் முட்டையைப்போல் இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போடுவது நாம் காணும் மிகப் பொதுவான பிழை. ஒரு தடவை உருக்கினால் மீதியைத் திருப்பி உறைய வைக்கலாம்தான், ஆனால் அதிலும் பாதி போகும். பங்குகள் மூன்றுக்கு மேல் இருந்தால் இரண்டு வேறு தாங்கிகளில் பிரித்து வையுங்கள் என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

சோதனைக்காக ஒரு பங்கை உருக்கிப் பார்ப்பதா? குப்பிகள் நிறைய இருந்தால் பார்க்கலாம். இரண்டே பங்கு உள்ளவரிடம் ஒன்றை உருக்கிப் பார்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அவருக்குத் துடைத்தெடுத்த மிச்சத் துளியை மட்டும் உறைய வைத்துப் பார்த்தால் போதும்.

விதையிலிருந்து எடுக்கும்போது

விந்துக் குழாய் அடைபட்டவருக்கு விதைக்குள் உற்பத்தி நன்றாகவே இருக்கும். ஊசியால் எடுத்தாலே போதியளவு கிடைக்கும், உறைய வைத்ததும் புதியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உற்பத்தியே குன்றியவர் வேறு. அவருக்கு 1999இல் ஷ்லெகல் வெளியிட்ட மைக்ரோ டெசே முறையில், அறுவைச் சிகிச்சை நுணுக்குக்காட்டியின் கீழே விதையைத் திறந்து, பருத்து வெளிறித் தெரியும் குழாய்களைத் தேடி எடுப்பார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரில் விந்தணு கிடைக்கும். கத்தி வைப்பதற்கு முன் நிறமூர்த்தப் பரிசோதனையும் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய, ஒய் நிறமூர்த்தத்தின் ஏஇசட்எஃப் பகுதிகளைப் பார்க்கும் பரிசோதனையும் கட்டாயம். ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விந்தணு கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அந்தக் காசையும் வலியையும் மிச்சம் பிடிக்கலாம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் வாய்ப்பு உண்டு, ஆனால் பிறக்கும் ஆண்பிள்ளைக்கும் அதே குறை போகும் என்பதைத் தம்பதிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

முட்டை எடுக்கும் நாளிலேயே விதையையும் திறப்பதா, முன்கூட்டியே திறந்து உறைய வைப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. புதியதை வைத்துக்கொண்டால் உறைதலின் இழப்பு இல்லை. ஆனால் ஒன்றும் கிடைக்காவிட்டால் மனைவி போட்ட ஊசியெல்லாம் வீண். முன்கூட்டியே எடுத்தால் அந்த வீண் இல்லை. ஆனால் சிலரது சேம்பிளில் உருக்கிய பின் உயிருள்ள ஒன்றும் மிஞ்சாது. நாங்கள் சாய்வது முன்கூட்டியே எடுப்பதன் பக்கம், ஒரு நிபந்தனையோடு: உறைய வைத்தது ஒற்றைத் துளிகளாக, எண்ணிக் குறித்ததாக இருக்க வேண்டும். "திசு ஒரு துண்டு உறைய வைத்திருக்கிறோம்" என்பது போதாது. திசுவை இரண்டு ஊசிகளால் கிழித்துக் குழம்பாக்கி, செங்குருதிக் கலங்களை உடைக்கும் திரவத்தால் சுத்தமாக்கி, விந்தணு கண்ணில் பட்ட பிறகு உறைய வைத்ததற்குத்தான் மதிப்பு. துண்டாகவே வைத்தால் காப்புத் திரவம் நடுவரை ஊறாது, உள்ளே விந்தணு இருந்ததா என்பதும் அன்றைக்குத் தெரியாது.

உருக்கும் காலை

குப்பியென்றால் 37 பாகை நீரில் சில நிமிடம். தகடென்றால் ஆவியிலிருந்து நேரே வெதுவெதுப்பான எண்ணெய்க்குள். நடுவே காற்றில் ஒரு கணம் தாமதித்தாலும் துளி காய்ந்துவிடும். விதையிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் அசையாது, மெல்லத் துடிக்கும், சில அதுவும் இல்லை. அசையாததெல்லாம் செத்ததல்ல. பென்டொக்ஸிஃபைலின் மருந்தைச் சேர்த்தால் கலத்துக்குள் அசைவைத் தூண்டும் சைக்கிளிக் ஏஎம்பி ஏறி, உயிருள்ளது பத்துப் பதினைந்து நிமிடத்தில் துடிக்கத் தொடங்கும். அதைப் பொறுக்கிக் கழுவிய பிறகே முட்டையில் செலுத்த வேண்டும். ஊசி நுனியால் வாலைத் தட்டி, தலையை அசைக்காமல் வால் மட்டும் வளைந்து திரும்பினால் உயிருள்ளதாக எடுக்கலாம். விறைத்த தடிபோல் முழுதும் சேர்ந்து நகர்ந்தால் விட்டுவிடலாம். செறிவு குறைந்த நீரில் வால் சுருள்கிறதா என்று பார்க்கும் சோதனை புதிய விந்தணுவுக்கு நல்லது, உறைந்து உருகியதில் செத்ததும் சுருளும் என்பதால் அதைத் தனியே நம்ப வேண்டாம்.

தாங்கியும் பெயரும்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது பலரும் கேட்ட கேள்வி: எங்கள் சேம்பிள் உருகிவிடுமா? உருகாது. தாங்கி மின்சாரத்தில் ஓடுவதில்லை. மறை 196 பாகையில் இருக்கும் திரவ நைட்ரஜனும், சுவர்களுக்கிடையே இருக்கும் வெற்றிடமுமே குளிரைப் பிடித்து வைக்கின்றன. முப்பது நாற்பது லீற்றர் கொள்ளும் நல்ல தாங்கி, நாளொன்றுக்கு அரை லீற்றருக்கும் குறைவாகவே இழக்கும். மின்வெட்டைவிட டீசல் வரிசைதான் உண்மையான ஆபத்து: லொறி ஓடாவிட்டால் நைட்ரஜன் வராது. ஆகவே "ஜெனரேற்றர் இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "கையிருப்பு நைட்ரஜன் எத்தனை வாரத்துக்கு" என்று கேளுங்கள்.

அளவு பார்ப்பது எளிது. மரக் கோலையோ பிளாஸ்டிக் கோலையோ அடிவரை விட்டு, சில விநாடி கழித்து வெளியே எடுத்து ஆட்டினால் திரவம் தொட்ட இடம்வரை வெள்ளையாகப் பனி பிடிக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அந்தக் கோடு உடனே தெரியும். அதே ஈரம்தான் தாங்கியின் கழுத்தில் பனிக்கட்டியாகச் சேர்ந்து மூடியைச் சரியாக உட்கார விடாமல் தடுக்கும். அதைத் தவறாமல் துடைக்க வேண்டும். வெளிச்சுவர் வியர்த்தாலோ பனி பூத்தாலோ வெற்றிடம் போய்விட்டது. அன்றைக்கே வேறு தாங்கிக்கு மாற்ற வேண்டும். 2018 மார்ச் 4ஆம் திகதி அமெரிக்காவில் கிளீவ்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரே நாளில் தாங்கிகள் பழுதாகின. கிளீவ்லாந்தில் மட்டும் 4000க்கு மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் போயின. அங்கே தொலைவிலிருந்து எச்சரிக்கும் அலாரம் அணைக்கப்பட்டிருந்தது என்று பிறகு தெரியவந்தது. அலாரம் இருந்தால் போதாது, இரவில் அது யாருடைய போனுக்கு அடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பெட்டியைத் தேடும்போது பக்கத்துப் பெட்டியையும் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பது இன்னொரு மறைவான கேடு. அரை மில்லி லீற்றர் ஸ்ட்ரோ சில விநாடி தாங்கும். ஒரு மைக்ரோலீற்றர் துளிக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டு மூன்று விநாடியில் பனி மறுபடி வளரும் வெப்பநிலைக்கு ஏறிவிடும், திரும்ப உள்ளே போனாலும் கேடு கேடுதான். ஒற்றைத் துளிச் சேம்பிள்களை அடிக்கடி திறக்காத தனித் தாங்கியில் வைப்பதற்குக் காரணம் இது. மூடாத தகடுகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும்: ஒரே தாங்கித் திரவத்தின் வழியே ஹெபடைடிஸ் பி பரவியது 1995இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வில் காட்டப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் தொற்று உள்ளவரின் சேம்பிள் மூடிய குப்பியில், தனித் தாங்கியில் போக வேண்டும்.

பெயர் விடயத்தில் நம்மவருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. தலைப்பெழுத்தும் தகப்பன் பெயரும் இடம் மாறும். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, கிளினிக் அட்டையில் மிஸ்ஸி எழுதியது மூன்றாவது. ஒரே மாதத்தில் இரண்டு எஸ். சிவகுமார் வருவது கொழும்பில் அதிசயமில்லை. பெயரை மட்டும் நம்பாமல் தேசிய அடையாள அட்டை இலக்கம், மனைவியின் பெயர், திகதி எல்லாம் லேபலில் வர வேண்டும். பழைய 9 இலக்க அட்டையை 12 இலக்கத்துக்கு மாற்றியிருந்தால் இரண்டையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். லேபல் நைட்ரஜனைத் தாங்கும் வகையா, எழுத்து ஸ்பிரிட் பட்டால் அழியுமா என்பதையும் ஆய்வுகூடம் பார்த்திருக்க வேண்டும். வைக்கும்போதும் எடுக்கும்போதும் இரண்டு பேர் நின்று வாசித்துக் கையொப்பம் வைப்பார்கள்.

எத்தனை வருடம் வைக்கலாம் என்றால், மறை 196இல் காலம் ஒரு பொருட்டல்ல. 21 ஆண்டு உறைந்திருந்த விந்தணுவால் பிள்ளை பிறந்தது இங்கிலாந்திலிருந்து பதிவாகியிருக்கிறது. படிவத்தில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியவை வேறு: கணவர் இறந்தால் என்ன, பிரிந்தால் என்ன, வருடக் கட்டணம் கட்டாமல் போனால் எத்தனை அறிவித்தலுக்குப் பிறகு அகற்றுவார்கள். இந்த வரிகளை வெறுமனே விட்டுக் கையொப்பம் வைக்காதீர்கள். வெளிநாடு போகிறவர்கள் வட்ஸ்அப் இலக்கம் மாறியதும் கிளினிக்குக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சேம்பிளையே வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால், நைட்ரஜனை உறிஞ்சி வைத்து ஆவியிலேயே குளிரைப் பிடிக்கும் உலர் தாங்கியில் அனுப்புவார்கள். அது ஒரு வாரமளவில் தாங்கும். அதற்குள் சுங்கத்தில் நிற்காதபடி இரு பக்கத்துக் கடிதங்களும் இரத்த அறிக்கைகளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எல்லாப் பங்கையும் ஒரே பயணத்தில் அனுப்பாமல், ஒன்றையாவது இங்கே விட்டுவைத்து, முதலாவது பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்த பிறகு மற்றதை அனுப்புங்கள்.